ஜெப நேரத்துக் காவல்

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஜெபம் செய்ய முடியுமா? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஞாயிறு வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் முடியும் என்றோ முடியாது என்றோ ஒரு நொடியில் சொல்லிவிடும். ஆனால் சுற்றிலும் எல்லாரும் கண்ணை மூடியிருக்க, தான் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் பத்தொன்பது வருடம் நின்றார் என்றால் கேள்வி அவ்வளவு சின்னதாக இருப்பதில்லை. அந்த நேரமெல்லாம் அவர் ஜெபத்துக்குள் இருந்தாரா, வெளியே நின்றாரா? எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பிள்ளைகள் அவரை ஆந்தை அக்கா என்பார்கள். பெரியவர்கள் முதலில் அதட்டினார்கள், பிறகு நாங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தோம். அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. "ஆந்தை ராத்திரி முழிக்கும், நான் பட்டப்பகல்ல முழிக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார்.

எங்கள் சபைக்கு ஊரின் ஓரத்தில் மூன்று ஏக்கர் நிலம் உண்டு. யாரோ ஒரு காலத்தில் எழுதிவைத்துப் போனது. மரங்கள் அடர்ந்த இடம். நடுவே ஓர் ஓடை ஓடி, கீழே ஒரு குட்டையில் போய்ச் சேரும். பள்ளி விடுமுறையில் ஐந்து நாள் அங்கே பிள்ளைகளுக்கு இயற்கை முகாம் நடத்துவோம். ஆறு வயதிலிருந்து பதினொன்று வரைக்கும் அறுபது பிள்ளைகள். காலை எட்டரைக்கு வேன் கொண்டுவந்து விடும், மாலை நாலு மணிக்குத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகும். இலை சேர்ப்பது, லென்ஸ் வைத்து எறும்பு பார்ப்பது, பறவைச் சத்தத்தை வைத்துப் பறவையைக் கண்டுபிடிப்பது, மரத்தடியில் உட்கார்ந்து வேதாகமக் கதை கேட்பது. இதற்கிடையில் ஒரு நாளைக்கு ஆறு தடவை ஜெபம். வாசலில் ஒன்று, பத்து மணிப் பழத்துக்கு முன் ஒன்று, காட்டுப்பாதையில் நுழையுமுன் ஒன்று, குட்டைக்கரையில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு ஒன்று, வீட்டுக்குப் போகும்போது ஒன்று. ஜெபம் என்றால் எங்கள் வழக்கப்படி தலையைக் குனிந்து கண்ணை இறுக்க மூட வேண்டும். ஆமென் சொல்லும்வரை திறக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு முதல் நாள் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

முகாம் தொடங்கிய இரண்டாம் வருடம் குட்டைக்கரையில் ஒரு சம்பவம் நடந்தது. போதகர் ஆமென் சொன்னார். எல்லாரும் கண்ணைத் திறந்தோம். ஏழு வயதுப் பையன் ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, இரண்டு கையையும் கூப்பி அதற்குள் ஒரு தலைப்பிரட்டையை வைத்திருந்தான். பத்துப் பெரியவர்கள் கரையில் இருந்தோம். அவன் இறங்கியதை ஒருவரும் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்போம், பத்துப் பேரும் கண்ணை மூடியிருந்தோமே. "ஆமென் வரைக்கும் புடிச்சு வெச்சிருந்தேன்" என்று அவன் பெருமையாகத் தலைப்பிரட்டையைக் காட்டினான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை கமிட்டி கூடியது. இனிமேல் ஜெப நேரத்தில் ஒருவர் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று முடிவானது. யார் என்பதில்தான் சிக்கல். பாட்டு டீச்சர் தன்னால் முடியாது என்றார், கண்ணைத் திறந்தால் மனசு அலைபாயும். சமையல் பார்ப்பவர், போதகர் கையில் மைக் இருக்கும்போது தான் மட்டும் முழித்துக்கொண்டு நின்றால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். கர்த்தர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்றும் ஒருவர் கேட்டார். சுற்றி வளைத்துச் சொன்னாலும் விஷயம் ஒன்றுதான். ஜெபம் செய்யாமல் நிற்கிற ஆளாக இருக்க யாருக்கும் விருப்பமில்லை. அந்த வேலையில் ஏதோ ஓர் இறக்கம் இருப்பதாக எல்லாருக்கும் பட்டது.

குழாய் வேலை செய்கிற ஒருவர் அன்று தண்ணீர்த் தொட்டியைச் சரிசெய்ய வந்திருந்தார். கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எங்க வீட்டுக்காரிய கேளுங்க ஐயா. அவ தூங்கும்போதே ஒரு கண்ணைத் திறந்துதான் வெச்சிருப்பா. நான் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தேன்னு எனக்கே தெரியாது, அவளுக்குத் தெரியும்."

அப்படித்தான் ஆந்தை அக்கா வந்தார். அப்போது அவருக்கு முப்பத்துமூன்று வயது. தங்கள் ஏழு வயது மகளையும் முகாமுக்குச் சேர்த்தார்.

அவர் வேலை பார்த்தது ஒரு கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில். பத்தொன்பது வயதில் சேர்ந்தவர். வெளிச்சம் போட்ட ஒரு வெள்ளைப் பலகைக்கு முன் உட்கார வேண்டும். பலகைக்கும் கண்ணுக்கும் நடுவே பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். கழுத்தில் கீறல், அடியில் குமிழி, உடம்பில் மணல் பொட்டு, எது இருந்தாலும் கையுறை போட்ட விரலால் அந்தப் பாட்டிலை மட்டும் சுண்டி எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். எண்ணக் கூடாது, யோசிக்கக் கூடாது. வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் குறையுள்ளது தானாகக் கண்ணில் தட்டும். அரை மணிக்கு ஒரு தடவை மணி அடிக்கும். உடனே எழுந்து பெட்டி கட்டும் மேசைக்குப் போய்விட வேண்டும், அங்கிருந்து இன்னொருவர் வந்து உட்காருவார். கண் வலிக்கும் என்பதற்காக அல்ல. அரை மணிக்கு மேல் கண் பார்த்துக்கொண்டே இருக்கும், ஆள் அங்கே இருக்க மாட்டார். அந்தத் தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. முகாமில் எங்கள் யாருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை. ஜெபம் இரண்டு நிமிடம் மூன்று நிமிடம்தானே என்று நினைத்திருப்பார்.

வருடா வருடம் அந்த ஐந்து நாளுக்காகவே தொழிற்சாலையில் விடுப்பைச் சேர்த்து வைப்பார். காலை வேனில் முதலில் வந்து இறங்குவார். ஜெபம் தொடங்கும்போது வட்டத்துக்கு வெளியே ஒரு மேடான இடம் பார்த்து நின்றுகொள்வார். கை கட்ட மாட்டார், பேச மாட்டார், ஆமென் கூடச் சொல்ல மாட்டார். ஆமென் சத்தம் கேட்ட பிறகும் எல்லாத் தலையும் நிமிர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் இடத்தை விட்டு அசைவார்.

அவர் கண் திறந்திருப்பது தாங்களும் கண்ணைத் திறந்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு வருடமும் ஏழெட்டுப் பேர் அப்படி இருப்பார்கள். ஒரு கண்ணை ஒரு நூல் அளவு திறந்து சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். நேராக ஆந்தை அக்காவின் கண்ணில் போய் மாட்டுவார்கள். அவர் முறைப்பதில்லை, டீச்சரிடம் சொல்வதுமில்லை. தன் இரண்டு கண்ணையும் மெதுவாக ஒரு தடவை மூடித் திறப்பார். பிள்ளை சட்டென்று கண்ணை மூடிக்கொள்ளும். அவர் ஜெப நேரத்தில் கண் மூடியது அந்த அளவுக்குத்தான்.

சொந்த மகளால்தான் அவருக்கு முதல் சங்கடம் வந்தது. உங்கம்மா மட்டும் ஜெபம் பண்ண மாட்டாங்களாமே என்று கூட இருந்த பிள்ளைகள் கேலி செய்திருக்கின்றன. மகள் வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறாள். இரண்டே அறை கொண்ட வீடு அது, இரண்டாம் மாடி. சமையலறை ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுத் துணி காயும். அப்பா ஓர் அறையில் குழாய்ச் சாவிகளைத் துடைத்துக்கொண்டிருக்க, மகள் சமையலறை வாசலில் நின்று கேட்டாளாம்.

"நீ ஏம்மா எல்லாரையும் போல இருக்க மாட்டேங்கிற?"

அம்மா பாத்திரத்தைக் கழுவி முடித்துவிட்டு, "நீ கண்ணை மூடியிருக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றாள் மகள். "எனக்குத் தெரியும். போய்ப் படி" என்றார். இதைப் பல வருடம் கழித்து மகளே எனக்குச் சொன்னாள். அன்றைக்கு அது பதிலாகவே தோன்றவில்லை, அம்மா நழுவுகிறாள் என்றுதான் நினைத்தேன் என்றும் சொன்னாள்.

எனக்கு அது பதில்தான். அறுபது பிள்ளைகளின் முகம் ஒரே நேரத்தில் கண்மூடி இருப்பதை எங்களில் யாரும் பார்த்ததில்லை. பெற்றவர்களும் பார்த்ததில்லை, ஜெபம் நடத்திய போதகரும் பார்த்ததில்லை. ஒரு தடவை பழம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது ஆந்தை அக்கா பேச்சுவாக்கில் சொன்னார், யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று நிச்சயமாகத் தெரியும்போது மனிதர்களுக்கு வேறு முகம் வருகிறது என்று. சண்டைக்காரப் பையனின் நெற்றி அந்த நேரத்தில்தான் தளருமாம். வாயாடிப் பெண்ணின் உதடு நடுங்குமாம். பொருளாளர் கடிகாரம் பார்ப்பதையும் அவர் பார்த்திருக்கிறார், அதை மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார். மற்றதையெல்லாம் பெயர் சொல்லாமல், யார் என்று தெரியாதபடி சொன்னார். கவனம் என்பதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். இவ்வளவு பேரின் இவ்வளவு அந்தரங்கமான நேரத்தைப் பார்த்துவிட்டு அதைத் தனக்கென்று ஒன்றுக்கும் பயன்படுத்தாத ஆளை நான் நேரில் அறிந்தது இவர் ஒருவரைத்தான். பாராட்டுவதில் நான் கஞ்சன் என்று வீட்டில் சொல்வார்கள். இதைச் சொல்லத் தயக்கமில்லை.

அவர் காவலுக்கு வந்த பதினைந்தாம் வருடம் நடந்ததுதான் இந்தக் கதை.

நான்காம் நாள். போதகருக்குக் காய்ச்சல் என்று வெளியிலிருந்து ஒரு விருந்தினரை ஜெபம் நடத்த அழைத்திருந்தோம். நல்ல மனிதர், குரலும் நல்ல குரல். காட்டுப்பாதை ஜெபத்தில் மட்டும் எங்களுக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. அங்கே வட்டமாக நிற்பதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஆளுக்கொரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, நெற்றியை மரத்தில் சாய்த்து, கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பேசக் கூடாது, யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது, ஆமென் கேட்டால்தான் திறக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த ஜெபம் அது. பாதை முனையில் நிற்கும் மரங்களையே பிடித்துக்கொள்வார்கள் என்பதால் எல்லாரும் கண்பார்வைக்குள்தான் இருப்பார்கள்.

அன்று விருந்தினர் பிள்ளைகளுக்காக ஜெபித்தார், மரங்களுக்காக ஜெபித்தார், மழைக்காக, பயிருக்காக, ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்காக, கடலில் போகிறவர்களுக்காக ஜெபித்தார். பிறகு நாடு நாடாகப் போக ஆரம்பித்தார். வேன் டிரைவர் பிறகு சொன்னார், "ஐயா உலகத்தைச் சுத்திட்டு வர்றதுக்குள்ள நான் வேனுக்கு டீசலே போட்டுட்டு வந்திருப்பேன்" என்று. பதினேழு நிமிடம். நல்ல வெயில். அதற்கு முன் அந்த நாளில் வாசல் ஜெபத்திலும் பழ ஜெபத்திலும் அதே நீளத்தில் இரண்டு நடந்திருந்தன.

ஆமென் சொன்னபோது பிள்ளைகள் காலை உதறிக்கொண்டு ஓடி வந்தார்கள். பாதை வழியாக நடந்து அந்தப் பக்கம் போய் எண்ணினோம். ஐம்பத்தொன்பது.

மருந்துக்கடைக்காரரின் மகள் இல்லை. ஏழு வயது. அதிகம் பேசாத பிள்ளை, முதல் வருடம் வந்திருந்தாள். டீச்சர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். சமையல் பார்ப்பவர் நேராகக் குட்டைக்குப் போய் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவினார். டிரைவர் சாலைக்கு ஓடினார். எல்லாரும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதிலில்லை. ஓடையில் ஒரு செருப்பு கிடந்தது, அது வேறு யாருடையதோ என்று தெரிந்துகொள்ள நாலு நிமிடம் ஆனது. அந்த நாலு நிமிடம் எதிரிக்கும் வரக் கூடாது.

ஆந்தை அக்கா ஓடவில்லை. ஜெபத்தின்போது நின்ற மேட்டிலேயே போய் நின்றார். முகம் வெளுத்திருந்தது. மீதிப் பிள்ளைகளைத் திரும்ப அழைத்து வரச் சொன்னார். "அப்ப யாரு எந்த மரத்தைப் புடிச்சிருந்தீங்களோ அதே மரத்தைப் போய்ப் புடிங்க" என்றார். இது என்ன நேரத்தில் என்ன விளையாட்டு என்று பாட்டு டீச்சர் கத்தினார். பிள்ளைகள் போய்ப் பிடித்தார்கள், நெற்றியைச் சாய்த்தார்கள், சொல்லாமலே கண்ணையும் மூடிக்கொண்டார்கள். அவர் அந்த வரிசையை இடமிருந்து வலமாகப் பார்த்தார். திரும்ப வலமிருந்து இடமாகப் பார்த்தார்.

"அந்தப் பையன் நிக்கிற மரம் மொதல்ல அவ புடிச்சது" என்றார். "ரெண்டு பசங்க ஒரு மரத்துக்கு அடிச்சுக்கிட்டாங்க. அவ தன் மரத்தை விட்டுக்குடுத்துட்டுப் பின்னால போனா. நான் பாத்தேன்."

கடைசி இரண்டு வார்த்தையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டார்.

அந்த மரத்துக்குப் பின்னால் புதர். புதருக்குப் பின்னால் ஓடை இறங்கும் சத்தம். நாங்கள் அந்தப் பக்கம் இரண்டு தடவை கூப்பிட்டாயிற்று. டிரைவர் மறுபடி பெயரைச் சொல்லிக் கூப்பிடப் போனார். ஆந்தை அக்கா கையைக் காட்டித் தடுத்தார். புதர் பக்கம் திரும்பி, நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து, "ஆமென்" என்றார்.

புதருக்குப் பின்னாலிருந்து மெலிந்த குரலில் ஓர் ஆமென் வந்தது.

பருத்த ஒரு மரத்தில் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் பட்டையின் தடம் பதிந்திருந்தது. நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. ஓடைச் சத்தத்தில் விருந்தினரின் ஆமென் அவள் காதில் விழவில்லை. நாங்கள் கூப்பிட்டது விழுந்திருக்கிறது. யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது என்று சொல்லியிருந்தோமே, அதனால் திரும்பவில்லை. "ரொம்ப நீள ஜெபம்" என்று மட்டும் சொன்னாள். தண்ணீர் கேட்டாள். ஆந்தை அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளை கிடைத்துவிட்டாள், நன்றி என்று அத்தோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. மருந்துக்கடைக்காரர் மறுநாள் மகளை அனுப்பவில்லை. அரசு அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொல்லியனுப்பினார். பிள்ளைகள் முகாமுக்கு அனுமதி கொடுப்பது அந்த அலுவலகம்தான். ஒரு புகார் போனால் அனுமதி போகும், அதற்குப் பிறகு முகாம் இல்லை. கமிட்டி அவசரமாகக் கூடியது. அவருக்கு விளக்கக் கடிதம் ஒன்று எழுதுவது என்று தீர்மானமானது. பிள்ளை தனக்குக் கொடுத்த இடத்தில் நிற்காமல், டீச்சரின் சொல்லைக் கேளாமல் தானாக விலகிச் சென்றாள் என்று அதில் ஒரு வரி. முழுப் பொய் இல்லை என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டோம். அந்தக் கடிதத்தை எழுதியவன் நான். அப்போது நான்தான் செயலாளர்.

ஆந்தை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். மரியாதைக்காகத்தான் காட்டினேன், கருத்துக் கேட்க அல்ல. அவர் கேட்டுவிட்டு, எப்போது அனுப்பப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். நாளை மறுநாள் என்றேன். சரி என்று போய்விட்டார்.

பிறகு நடந்ததை மருந்துக்கடைக்காரரே பல மாதம் கழித்து எனக்குச் சொன்னார். மதியம் இரண்டு மணி, கடையில் கூட்டமில்லாத நேரம். ஆந்தை அக்கா அங்கே போய், இரண்டு பேருக்குப் பின்னால் நின்று தன் முறை வரும்வரை காத்திருந்திருக்கிறார். என்ன மருந்து என்று கேட்டிருக்கிறார் கடைக்காரர்.

"மருந்து வேண்டாங்க. உங்க பொண்ணு காணாமப்போன அன்னைக்குக் காவலுக்கு நின்னது நான்தான்."

கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரியால் வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"உங்களுக்கு ஒரு கடிதம் வரும். அதுல உங்க பொண்ணு சொல் பேச்சு கேக்கலன்னு இருக்கும். அது சரியில்லீங்க. அன்னைக்கு அங்க சொன்னதைச் சொன்னபடி கேட்டது அவ ஒருத்திதான்."

"அப்ப தப்பு யாரோடது?"

"என்னோடது. அவ போனதை நான் பாத்தேன். பாத்தும் மனசுல ஏறல."

"உங்க கண்ணு திறந்துதானே இருந்தது?"

"திறந்துதான் இருந்தது. மூடியிருந்தாலாவது ஒரு சாக்கு இருக்கும்."

கடைக்காரர் கத்தரியை வைத்துவிட்டார். இதை வந்து சொல்லச் சொன்னது யார் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, கேட்டிருந்தால் வேண்டாமென்றுதான் சொல்லியிருப்பார்கள் என்றார் இவர். நான் புகார் கொடுத்தால் உங்கள் முகாமை மூடிவிடுவார்கள், தெரியும் இல்லையா என்றார் அவர்.

"தெரியும். அதை நினைச்சு நாலு நாளா சாப்பாடே எறங்கல. வருஷத்துல அஞ்சு நாளுதான் எனக்கு அது கெடைக்குது. அதுக்காக ஏழு வயசுப் புள்ள மேல பழியைப் போட முடியுமா?"

பிறகு கடைக்காரர் சொன்னாராம், வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்வது தான்தான் என்று. "இப்ப தினமும் 'ஆமெனைச் சத்தமா சொல்லுப்பா, எனக்குக் கேக்கணும்'ங்கிறா." சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவருக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே அழைத்து ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். எழுதி முடித்திருந்த புகார் கல்லாப்பெட்டிக்குக் கீழே இருந்தது. அதை அவர் கிழிக்கவில்லை, அனுப்பவுமில்லை. அடுத்த வருடமும் நீங்கள் இருப்பீர்களா என்று மட்டும் கேட்டார். இருக்க விட்டால் இருப்பேன் என்றார் இவர்.

அன்று மாலையே ஆந்தை அக்கா என்னிடம் வந்து, கடைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டதை மட்டும் சொன்னார். நான் கோபப்பட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தொழிற்சாலையில் மணி அடிப்பதைப் பற்றி, அரை மணிக்கு மேல் ஆள் இருக்க மாட்டார் என்பதைப் பற்றி, முதல் தடவையாகச் சொன்னார். "இதை நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். நான் ஒருத்தியே பாத்துக்குவேன்கிற பெருமை இருந்துச்சுங்க. ஜெபத்துக்கு ஜெபம் ஆள் மாத்துங்க. ஜெபத்தையும் கொஞ்சம் சுருக்கச் சொல்லுங்க." என் கடிதத்தை எடுத்து நானே கிழித்தேன். வேறொன்று எழுதினேன், அதில் மன்னிப்பு மட்டும் இருந்தது. ஒரு வரியில் எழுத வேண்டிய உண்மையைத் தவிர்க்கப் படித்தவன் எத்தனை வார்த்தை செலவழிக்கிறான் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். அந்த வெட்கத்துக்காக அவருக்கு நான் கடன்பட்டவன், அது தீரவும் வேண்டாம்.

அடுத்த வருடம் முகாம் நடந்தது. ஜெபக் காவலுக்கு இரண்டாவது ஆளாக வந்து நின்றவர் மருந்துக்கடைக்காரர். ஐந்து நாளும் மதியம்வரை கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வருவார். முதல் நாளே, "அக்கா, சிமிட்டலாமா கூடாதா?" என்று கேட்டார். "சிமிட்டுங்க தம்பி. இல்லாட்டி கண்ணு காஞ்சு போயி உங்க கடைக்கே சொட்டு மருந்துக்கு வரணும்" என்றார் இவர். போதகர் ஜெபங்களை மூன்று நிமிடத்துக்குள் கொண்டுவந்தார். காட்டுப்பாதையில் ஆமெனை மூன்று தடவை, மூன்று திசையிலும் திரும்பிச் சொல்லும் வழக்கம் அந்த வருடம்தான் வந்தது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆள் மாறும் நேரத்தில் ஆந்தை அக்காவும் வட்டத்துக்குள் வந்து எல்லாரோடும் கண்ணை மூடி நிற்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் வரவில்லை. தன் முறை இல்லாத ஜெபத்தில் அவருக்கு ஏதாவது வேலை இருக்கும். பழம் நறுக்குவார், தண்ணீர்க் குவளை கழுவுவார், ஈரக் காலுறைகளைப் பிழிந்து கம்பியில் போடுவார். போதகர் ஒன்றிரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். இப்படி நாலு வருடம்.

மருந்துக்கடைக்காரரின் மகளுக்குப் பதினொரு வயதாகி, அவளுக்கு அது கடைசி முகாம். ஐந்தாம் நாள் காலை போதகரிடம் போய் ஒன்று கேட்டாள்.

"ஐயா, இன்னைக்குச் சாயங்கால ஜெபத்துல நாங்க எல்லாரும் கண்ணைத் திறந்து வெச்சுக்கிறோம். ஆந்தை அக்கா மட்டும் மூடிக்கட்டும். ஒரு தடவை நாங்க பாத்துக்கிறோம்."

போதகர் கொஞ்சம் யோசித்தார். நாற்பது வருடமாகக் கண்ணை மூடச் சொல்லிக்கொடுத்தவர். சரி என்றார்.

மாலை நாலு மணிக்கு வேன் கிளம்பும் முன் அறுபது பிள்ளைகளும் வட்டமாக நின்றார்கள். அவரை நடுவில் நிறுத்தினார்கள். விஷயத்தைச் சொன்னதும், "எதுக்கு இதெல்லாம்" என்று முனகினார். ஆனால் நகரவில்லை. பிள்ளைகள் கண்ணை அகலத் திறந்தார்கள். சிமிட்டினால் தோற்றுவிடுவோம் என்று தங்களுக்குள் பந்தயம் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட முறைத்துக்கொண்டு நின்றார்கள். பெரியவர்கள் நாங்களும் திறந்து வைத்திருந்தோம். போதகருக்குக் கண்ணைத் திறந்துகொண்டு ஜெபித்துப் பழக்கமில்லை, இரண்டு இடத்தில் வார்த்தை தடுக்கிற்று. இந்த வேலைக்காகவும் இந்தக் கைக்காகவும் இந்தக் கண்ணுக்காகவும் ஸ்தோத்திரம் என்றார். எங்களில் பலருக்குப் பார்வை கலங்கியது. பந்தயத்தில் பாதிப் பேர் அப்போதே தோற்றுப்போனார்கள்.

அவர் கண்ணாடி போட ஆரம்பித்து அப்போது மூன்று வருடம். அது இல்லாவிட்டால் ஐந்தடி தூரத்தில் நிற்பது யார் என்று அவருக்குத் தெரியாது. ஜெபம் தொடங்கியதும் கண்ணாடியைக் கழற்றினார். மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடவில்லை. அறுபது பிள்ளைகளும் ஒரே நிறமாகக் கலங்கித் தெரிந்திருக்கும் அந்த வட்டத்தைப் பார்த்தபடி, கடைசி வார்த்தைவரை திறந்த கண்ணோடு நின்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிள்ளைகளை வேனில் ஏற்றப் போனார்.

ஏன் என்று நான் கேட்டேன். வேனின் பின்கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா பாருங்கள் என்றார். போதகரிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டுக்காரர் குழாய்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். உங்களிடமாவது ஏதாவது சொன்னாளா என்று விசாரித்துவிட்டுப் போனார்.